மாமாவின் கைக்கு ஒரு கத்தி

மாமனார் சமைக்கத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இடது கையில் மூன்று விரல்களுக்குப் பிளாஸ்டர் விழுந்துவிட்டது. மாமியார் போன பிறகு தனியாக இருக்கிற மனுஷர். மகள் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாய் நிற்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அது பலிக்கவில்லை.

"அடுத்த வாரம் இதே நாள் வருவேன். புதுசா ஒரு பிளாஸ்டர் இருந்துச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடணும். ஆமா, சொல்லிட்டேன்" என்று மகள் ஒரே போடாய்ப் போட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளைக்கு அதில் பதினாறு வருஷ அனுபவம்.

மாமனாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் தன் வீட்டில், தன் நாற்காலியில், தன் இஷ்டத்துக்கு ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு சாப்பிடுகிற சுகத்தை விட அவருக்கு மனசில்லை. மகள் படியிறங்கியதும் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏதாவது பண்ணுங்க மாப்பிள்ளை."

அடுப்படியில் இருந்த கத்தியை மாப்பிள்ளை எடுத்துப் பார்த்தார். தக்காளிகூட அதை மதிக்காது. இந்தக் கத்தியோடு மல்லுக்கட்டினால் யார் விரல்தான் பிழைக்கும்? நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மாப்பிள்ளைக்குச் செருப்புக்கடையில் வேலை. ஊரார் பாதங்களை அளந்தே காலம் தள்ளுகிறவர், அளவெடுக்காமல் எதையும் வாங்கமாட்டார். மறுநாளே வந்து, மாமனாரின் வலது கையை ஓர் அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார்.

"கைக்கு என்ன, ஷூவா தைக்கப் போறீங்க?" என்றார் மாமனார்.

பாத்திரக் கடையில் கத்திகளைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கமும் சொன்னார்.

"மழுங்கின கத்திதான் சார் கையைப் பதம் பார்க்கும். அழுத்துவோம், வழுக்கும், விரல்ல இறங்கும். இவருக்கு இது போதும்" என்று ஒரு சாண்கூட இல்லாத கத்தி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுக்கு அடுத்த சைஸ் காட்டுங்க. கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. செருப்பென்றால் பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட வேண்டாமா? இறுக்கிப் பிடித்துவிட்டதென்று நாளைக்கே திரும்பி வந்து நிற்பார்களே! அந்த அம்மாள் என்னவோ சொல்ல வந்து, "உங்க இஷ்டம் சார்" என்று பெரியதைக் கட்டிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலை போய்ப் பார்த்தால், புதுக் கத்தி பெட்டியோடு அலமாரி மேல் இருக்கிறது. மாமனார் பழைய கத்தியால் கேரட்டை அறுத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை ஓடிப்போய் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"நல்ல கத்திதான் மாப்பிள்ளை, குறை சொல்லலை. ஆனா கையில எடுத்தா சண்டைக்குக் கிளம்புற மாதிரி இருக்கு. கேரட் இங்க இருக்கு, நுனி அங்க எங்கேயோ இருக்கு. பிடி வேற உள்ளங்கைக்கு அடங்க மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு."

மாப்பிள்ளை அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்பு என்னோடது மாமா. காலுக்கு வாங்குற மாதிரி கைக்கு வாங்கிட்டேன். நாளைக்கு நீங்களே வாங்க."

மறுநாள் இருவருமாகப் போனார்கள். பெட்டியைப் பிரித்ததோடு சரி, புழங்கவே இல்லை என்பதால் அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார். பலகையையும் நாலு கேரட்டையும் முன்னால் வைத்து, ஒவ்வொரு கத்தியாகக் கொடுத்தார். "அழுத்தாதீங்க ஐயா, தானா இறங்கும். கேரட்டைப் பிடிக்கிற கை விரல் நுனியை உள்ள மடக்கிக்குங்க." மூன்று கத்திகளுக்கு மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டே நறுக்கினார். நாலாவதில் தோள் இறங்கியது, முகம் தெளிந்தது. கேரட் முடிந்த பிறகும் இன்னொன்று இருக்கிறதா என்று தேடினார்.

"இதான் மாப்பிள்ளை."

இந்தத் தடவை மாப்பிள்ளை அடுத்த சைஸ் கேட்காமல் அதையே கட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் மாப்பிள்ளையோடு வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு அப்பாவின் பத்து விரல்களையும் முன்னும் பின்னும் பார்த்தாள். பழைய காயங்கள் ஆறியிருந்தன. புதிதாக ஒரு கீறல் இல்லை. அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அடுப்படிக்குள் நுழைந்தால், பாதி வெங்காயம் பலகையில் இருந்தது.

"நகருங்கப்பா. நீங்க நறுக்கி நாம சாப்பிட சாயங்காலம் ஆயிடும்."

"மெதுவாம்மா, அது..."

அவள் எங்கே கேட்டாள்? தன் வீட்டு மொண்ணைக் கத்தியோடு போராடிப் பழகிய கை. இருந்த பலத்தையெல்லாம் போட்டு ஓர் அழுத்து அழுத்தினாள்.

"ஆ!"

காயம் பெரிதில்லை. மாமனார் அவள் விரலைக் குழாயடியில் பிடித்துக் கழுவினார், துடைத்தார், மேசையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து அழகாகச் சுற்றினார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மகள் தன் புருஷனை முறைத்தாள்; அவர் மும்முரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ இப்படிக் கையை வெட்டிக்கிட்டு நின்னா எனக்கு மட்டும் பதறாதா?" என்றார் மாமனார். "பேசாம வீட்டைப் பூட்டிட்டு இங்க என்னோட வந்து இருந்துடு."

மகள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போதும்ப்பா. நீங்களே நறுக்குங்க, எனக்குப் பசிக்குது."