விசிறியில் மிஞ்சிய கை

1

இந்தக் கதை ஒரு சுவர்க் குறிப்பாகத்தான் தொடங்கியது. எழுபத்தைந்து சொற்கள். அதற்கு மேல் போனால் நின்று படிக்க மாட்டார்கள் என்று எங்கள் தேவாலய ஊழியர் டீக்கன் எல்பர்ட் சொல்லியிருந்தார்.

எங்கள் லோமக்ஸ் ஃபெர்ரியில் கறுப்பர் பிள்ளைகளுக்கென்று இருந்த பழைய பள்ளிக்கூடத்தை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் ஒரே ஒரு பெரிய படமும் அதன் கீழே ஒரு குறிப்பும் வரும். அந்தப் படம் யாருடையது என்று தீர்மானிக்க நான்கு பேர் கொண்ட குழு. தலைவர் டீக்கன் எல்பர்ட். குடும்பக் கதைகள் எழுதுகிறவள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

“கல்யாணத்துல முடியற கதையா எழுதித் தள்றியே லோரீன், ஒரு குறிப்பு எழுத வராதா உனக்கு?” என்றார் டீக்கன்.

வரவில்லை. இது பதினோராவது முறை.

2

முதல் தொடக்கம்: ‘அலபாமாவின் ஜூன் மாதத்தில் ஓர் அன்பு மலர்ந்த—’ (வேண்டாம். ஜூனில் எங்கள் ஊரில் வியர்வை மட்டும்தான் மலரும்.)

இரண்டாம் தொடக்கம்: ‘போதகர் ஹோசியா டல் 1965இல் வாக்குரிமை ஊர்வலத்தை முன்னின்று நடத்தி, தாடை எலும்பு முறிந்த நிலையிலும்—’ (அத்தனையும் உண்மை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். ஆனால் இப்படித் தொடங்கினால் குழுவிலிருக்கும் ஆர்டீலியா எழுந்து போய்விடுவார்.)

ஆகவே வாசனையிலிருந்து தொடங்குகிறேன். சுருட்டை முடியை நேராக்க அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பு, எண்ணெய் தடவிய முடியில் இறங்கும்போது எழும் புகை. சனிக்கிழமைக் காலை. எனக்கு ஆறு வயது. மிஸ் கோரினின் முடியலங்காரக் கடையில், மடித்துப் போட்ட போர்வையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். “காதை மடக்கிப் பிடிச்சுக்கோ கண்ணு. அசைஞ்சே, சூடு எனக்குத்தான்” என்கிறார் அவர். அவர் கட்டைவிரலில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். பிள்ளைகளின் காதுக்கு விழவேண்டிய சூட்டையெல்லாம் அந்த விரல் வாங்கிக்கொண்டது.

சுவரோரம் நான்கைந்து பெண்கள் தலை காய உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பத்திரிகை. பத்திரிகைக்குள் வாக்காளர் பதிவுப் படிவம். எந்தக் கேள்விக்கு என்ன எழுதவேண்டும் என்று மிஸ் கோரின் சீப்பை அசைத்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பார். கறுப்பர் வாக்காளராகப் பதிவதைத் தடுத்துவந்த போலீஸ்காரர் யாரும் பெண்கள் தலை வாரும் அந்த இடத்துக்குள் நுழைந்ததில்லை. அந்த மணத்துக்காகவே நான் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பேன்.

3

ஆர்டீலியா, மிஸ் கோரினின் மகள். எழுபத்திரண்டு வயது. சிகாகோவில் நாற்பது வருடம் செவிலியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். குழுவில் அவரும் உண்டு. ஊர்வலத்தில் போதகருக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் நடந்தது தன் அம்மா என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“படம் இருக்கா, சிஸ்டர் ஆர்டீலியா?” என்பார் டீக்கன் ஒவ்வொரு கூட்டத்திலும்.

படம் இல்லை. ஊர்வலத்துக்குப் பின்வந்த குளிர்காலத்தில் கடையும் வீடும் எரிக்கப்பட்டன. அதன் பிறகு எடுத்த படங்களில் மிஸ் கோரின் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

“கேக் வெட்டறதை வாசல்ல மாட்டி, இதுதான் எங்க வரலாறுன்னு எப்படிச் சொல்றது?”

“என்ன கேக்குன்னு குறிப்புல போட்டுடுங்க டீக்கன். ரெண்டு துண்டு நீங்கதான் தின்னீங்க.”

நான்காவது உறுப்பினர் தாடியஸ் பீக். ஊரில் இறந்தவர்களையெல்லாம் மூன்று தலைமுறையாக அடக்கம் செய்து வைக்கும் குடும்பம். மனைவியை இழந்தவர். (இவரை எழுதும்போது என் கை தயங்குகிறது. இருபது வயதில் இவர் ஆர்டீலியாவைக் காதலித்தது ஊருக்கே தெரியும். என் மற்ற கதைகளில் என்றால் இந்த இடத்திலேயே மழை பெய்யத் தொடங்கியிருக்கும்.)

4

மழை பெய்யவில்லை. குளிர்சாதனம் பழுதாகியிருந்தது. அன்றுதான் கடைசிக் கூட்டம். சனிக்கிழமை திறப்பு விழா. டீக்கன் தேவாலய அலமாரியிலிருந்து ஒரு பெட்டி பழைய அட்டை விசிறிகளைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

அந்த விசிறியை உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அதைத் தெரியாத கை இல்லை. தட்டையான மரக்குச்சி, மேலே தோள் வளைந்த அட்டை. ஒரு பக்கம் பீக் குடும்பத்தின் அடக்க சேவை விளம்பரம். மறுபக்கம், ஊர்வலத்தில் நடந்து வரும் போதகர் ஹோசியா. எத்தனையோ ஆகஸ்ட் ஞாயிறுகளில், புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, அந்த முகத்தால் விசிறிக்கொண்டு வளர்ந்தவள் நான்.

அன்று விசிறி என் மூக்குக்கு அருகில் நின்றது. போதகரின் முழங்கையில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டோடு படம் முடிந்துவிடுகிறது.

“இது யாரு கை?” என்றேன்.

“போதகரம்மா கை. வேற யாரு?” என்றார் டீக்கன்.

“போதகரம்மா அன்னிக்குப் பிரசவத்துல இருந்தாங்க.” ஆர்டீலியா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். “கட்டைவிரல்ல துணி சுத்தியிருக்கு, லோரீன்.”

யாரும் விசிறவில்லை.

“நான்தான் வெட்டினேன்” என்றார் தாடியஸ். “படம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. விசிறிக்கு அகலம் போதல.”

“போதலையா?” என்றார் ஆர்டீலியா.

தாடியஸ் தன் விசிறியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். “போதும். கொஞ்சம் சின்னதாப் போட்டிருந்தா ரெண்டு பேரும் வந்திருப்பாங்க. எனக்கு அவங்க மேல ஆத்திரம், ஆர்டீலியா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம உன்னை ரயில் ஏத்தி விட்டுட்டாங்களே.”

“அம்மாவா ஏத்தி விட்டா? இரு, இருன்னு பிளாட்பாரத்துல உட்கார்ந்து அழுதா. வீடு எரிஞ்ச ஊர்ல நான் இருக்க மாட்டேன்னு ஏறினவ நான்தான்.” அவர் குரல் உயரவே இல்லை. “நீ தப்பான ஆளை வெட்டிட்டே, தாட்.”

டீக்கன்தான் பேச்சை எடுத்தார். “சரி. இருந்தாலும் ஒரு கைக்கு ஒரு சுவரா? போதகரோட பேரப்பிள்ளைங்க அட்லாண்டாவிலேர்ந்து வர்றாங்க. அடி வாங்கினது அவர்.”

“அவரை யாரு இறக்கச் சொன்னது? அவர் தனியா நடக்கலைன்னுதான் சொல்றேன். விசிறியை அப்படியே பெருசாக்கி, கையை நடுவுல வச்சு மாட்டுங்க. அம்பது வருஷத்துக்கு மேல ஊரே எங்கம்மா கையால காத்து வாங்கியிருக்கு. ஒருத்தராவது யாருன்னு கேட்டீங்களா?”

டீக்கனின் ஓட்டு போதகர் தனித்து நிற்கும் பெரிய படத்துக்கு. ஆர்டீலியாவின் ஓட்டு கைக்கு.

“எனக்கு ஓட்டு வேண்டாம்” என்றார் தாடியஸ். “நான் ஒரு தடவை முடிவு பண்ணிட்டேன். அது போதும்.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

5

இங்கே நான் செய்தது, எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது. முடிவுகளைத் தேடினேன்.

ஒரு முடிவு: தாடியஸ் நடுங்கும் விரல்களால் பணப்பையைத் திறக்கிறார். உள்ளே, பழுப்பேறிய ஒரு துண்டுப் படம். அன்று வெட்டிய பாதி. அதில் மிஸ் கோரின்—

(இதை எழுதிவிட்டு ஒரு டம்ளர் இனிப்புத் தேநீர் குடித்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு தொலைபேசியில் அவரையே கேட்டேன். “அந்தத் துண்டை என்ன பண்ணினீங்க, பிரதர் தாடியஸ்?” “பெருக்கித் தள்ளிட்டேன்மா. வேறென்ன பண்ணுவாங்க?”)

இன்னொரு முடிவு: ஆர்டீலியா அவரை மன்னித்து, திறப்பு விழாவன்று இருவரும்— (அவரையும் கேட்டேன். “மன்னிப்பு என்ன மிட்டாயா, கேட்டவுடனே கைப்பையிலேர்ந்து எடுத்துக் குடுக்க? அவனை விடு. பெருக்கித் தள்ள அவன்கிட்ட ஒரு படமாவது இருந்துச்சு. பிளாட்பாரத்துல உட்கார்ந்திருந்தவளை நான் திரும்பிக்கூடப் பார்க்கலையே.”)

6

நான் ஓட்டுப் போட்டுவிட்டேன். ஒரு தாளில் எழுதி, மடித்து, டீக்கனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “ம்” என்றார். குறிப்பையும் எழுதிவிட்டேன். எழுபத்துமூன்று சொற்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் படம் வந்தது. சட்டமிட்டு, பின்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டி. நான் கூடத்தின் கடைசியில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தாடியஸ் தானே மாட்டுவேன் என்று முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

“எழுபத்துநாலு வயசுல முக்காலி ஏறி விழுந்தா, உன்னை யாருடா அடக்கம் பண்றது?” என்றார் ஆர்டீலியா.

“பையன் இருக்கான். தள்ளுபடி தருவான்.”

அவர் சட்டத்தை இடது கையில் தூக்கிக்கொண்டு ஒரு காலை மேலே வைத்தார். முக்காலி ஆடியது. ஆர்டீலியா அருகில் போய் அவருடைய வலது முழங்கையைப் பிடித்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மறுகாலையும் ஏற்றி நிமிர்ந்த பிறகும் பிடி விடவில்லை.

(இதை நான் கற்பனை செய்யவில்லை. சத்தியம் செய்யச் சொன்னால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன்.)

நான் நின்ற இடத்திலிருந்து சட்டத்தின் பழுப்பு முதுகுதான் தெரிந்தது. எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே ஒருவர் எங்களைக் கேட்காமல் வெட்டித் தந்ததைத்தானே இத்தனை வருடம் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். தாடியஸ் படத்தைத் திருப்புகிறார். நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். உங்கள் சுவர் அது. அங்கே யார் இருக்கிறார்கள்?