மூத்த மருமகளின் முகம்

மேக்கப்காரர் பெட்டியைத் திறந்ததும் அவன் அதை மூடினான்.

"வேண்டாம் மாமா."

"அஞ்சே நிமிஷம் தம்பி. மேலோட்டமா ஒரு பூச்சு."

"வேண்டாம்."

மாமியார் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தார். இன்னும் அழவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து மகளின் உடலைக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தினார்கள். அப்போதிருந்து அவருக்கு ஓயாத வேலை. புடவை தேர்ந்தெடுத்தார். ஜன்னல் திரையை மாற்றினார். சீரியல் மேனேஜரைப் போனில் அழைத்து, கேமரா எங்கே நிற்கலாம் என்று சொன்னார்.

"வெளியில எத்தனை பேர் நிக்கிறாங்க, பார்த்தீங்களா மாப்பிள்ளை? பத்து மணிக்குக் கதவைத் திறக்கணும். இந்த மூஞ்சியோடயா அவளைக் காட்டப் போறீங்க?"

"அவதான் அத்தை சொன்னா. ஒண்ணும் பூசாம அனுப்பணும்னு."

பதினோரு நாளுக்கு முன்னால் சொன்னாள். அன்றும் காய்ச்சலோடு ஷூட்டிங் போய்விட்டு வந்திருந்தாள். அவளால் நிற்க முடியவில்லை என்று தெரிந்ததும், சீரியலில் அவள் நடிக்கும் மூத்த மருமகளுக்கும் காய்ச்சல் என்று எழுதிவிட்டார்கள். படுத்தபடியே நடித்தாள். "சீரியல் டாக்டர் என் கையைப் புடிச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும்மான்னாரு. நானும் நம்பிட்டேன்," என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "நான் போயிட்டா முகத்தை நல்லா கழுவி விட்டுடு. அம்மா கேக்க மாட்டாங்க. நீ விட்டுக் குடுத்துடாதே."

காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்று நினைத்தான். மறுநாள் ஆஸ்பத்திரி.

ஐந்து வயதில் அவளை மேடை ஏற்றினார்கள். அம்மாவின் நாடகக் குழுவில், கடைசிக் காட்சியில் செத்துப்போகும் குட்டி இளவரசன். விடுமுறை நாளில் மூன்று ஆட்டம், மூன்று சாவு. இளவரசன் வெளுப்பாக இருந்தாக வேண்டும். டப்பாவில் மலிவாக ஒரு வெள்ளைச் சாயம் கிடைத்தது. எட்டு வயதில் இடது கன்னம், கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை வரை, கறுத்துத் தடித்துப்போனது. அதை மறைக்க இன்னும் பூசினார்கள். பதினான்கு வயதில் டிவிக்கு வந்தாள். அதன்பிறகு பதினேழு வருடம், தெருமுனைக் கடைக்குப் போனாலும் பூசிக்கொண்டுதான் போனாள். காய்கறிக்காரம்மா ஒருமுறை, "ஏண்டி, அந்தச் சின்ன மருமகளைப் போட்டு இந்தப் பாடு படுத்துறே?" என்று தக்காளி தர மறுத்துவிட்டாள்.

கல்யாணமாகி ஒன்பதாவது நாள்தான் அவன் அந்தக் கன்னத்தைப் பார்த்தான். குளியலறையிலிருந்து ஈர முகத்தோடு வந்து எதிரில் நின்றாள்.

"இதுதான் நான். திருப்பிக் குடுக்கிறதா இருந்தா இப்பவே குடுத்துடு."

"பில் தொலைஞ்சுபோச்சு," என்றான்.

இரண்டு வருடம் ஆகிறது.

"என்கிட்ட அவ சொல்லலையே," என்றார் மாமியார்.

"உங்ககிட்ட சொல்ல முடியல அத்தை."

மேக்கப்காரர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பதினேழு வருஷமா இந்த மூஞ்சிக்குப் பூசியிருக்கேன்க்கா. ஒரு நாள் லீவு குடேன்."

"யாருக்குடா லீவு? உனக்கா, அவளுக்கா?"

அவர் பின்வாசல் வழியாகப் போனார்.

மாமியார் குனிந்து மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். "இந்தக் கன்னம் சுவர்ப் பக்கமா இருக்கட்டும். அதுக்காவது விடுங்க."

அவன் அந்தக் கைகளின்மேல் தன் கையை வைத்தான். அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மாமியார் கையை விலக்கிக்கொண்டார்.

கதவைத் திறந்தான்.

முதலில் ஒரு நடுத்தர வயதுப் பெண் வாசலிலிருந்தே கதறிக்கொண்டு வந்தாள். கட்டிலருகே வந்ததும் அழுகையை நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இது யாருங்க? அவங்களை எங்க வச்சிருக்கீங்க?"

கதவைத் திறக்கும்வரைக்கும்தான் அவன் யோசித்து வைத்திருந்தான். அந்தப் பெண் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளறைக் கதவைத் தள்ளினாள். இஸ்திரி மேசையும் மடிக்காத துணிகளும் இருந்தன. வீடு மாறி வந்துவிட்டவள்போலச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வரிசை நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், "இங்க இல்லையா? மாடியிலயா?" என்று கேட்டார். நாலைந்து பேர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். இன்னும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றால், அவளை யாருமே பார்க்காமல் போய்விடுவார்கள்.

"இவதாங்க," என்றார் மாமியார்.

அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"மூத்த மருமகளா?"

"எம் பொண்ணு."

"கன்னத்துல என்னங்க அது?"

மாமியார் அவனைப் பார்க்கவில்லை.

"சாயம். சின்னப் புள்ளையில நாடகத்துக்குப் போட்டது. நான்தான் போட்டேன்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். அடுத்தவள் வந்தாள். அதே திகைப்பு, அதே கேள்வி. அதே பதில். மூன்றாவது ஆளுக்கும் சொன்னார். நாலாவது ஆள் வாய் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வரிசை தெருமுனை வரை நின்றது.

அவன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டான். அவர் உட்காரவில்லை. ஒரு கையால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, அடுத்து வருகிறவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்றார்.