புடைத்த சுவர்

பதினைந்து வருஷம் அடுத்தவர்களுக்கே கட்டிக்கொடுத்த ஆர்க்கிடெக்ட் தாட்சாயிணி, தனக்கென்று ஒன்று கட்டும்போது ஊர் வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லை. அயனம்பாக்கத்தில் மனை வாங்கினாள். மாடியில் அவளுடைய ஸ்டூடியோ, கீழே ஓவியங்களுக்கான கேலரி. கேலரியின் வடிவத்தைத் தோழி யுவராணியின் படங்களிலிருந்து எடுத்தாள்.

யுவராணி ஆவடியில் டிராயிங் டீச்சர். அவள் வரைவதெல்லாம் முதுகுகள்தான். குழாயடியில் குனியும் முதுகு, நாற்று நடும் முதுகு, மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்து வளையும் முதுகு. நாற்பத்திரண்டு வயதாகியும் தனியாக ஒரு கண்காட்சி வைக்க வாய்க்கவில்லை. இந்தக் கேலரியில் முதல் கண்காட்சி உன்னுடையதுதான் என்று தாட்சாயிணி சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். அதை நம்பி இரண்டு வருஷ லீவு நாட்களையெல்லாம் போட்டுப் பன்னிரண்டு பெரிய படங்களை வரைந்து முடித்தாள் அந்தப் பைத்தியக்காரி.

கேலரியின் இரண்டு நீளச் சுவர்களும் குனிந்த முதுகுகளைப் போல உள்பக்கம் புடைத்து நின்றன. மற்ற இரண்டு பக்கமும் கண்ணாடி. அட்டையில் மாடல் செய்தபோது யுவராணியின் படங்களைச் சின்னதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டிப் பார்த்தார்கள். அழகாக உட்கார்ந்தன. காகிதம் வளையும், சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ் வளையாது. படித்த ஆர்க்கிடெக்ட்டுக்கும் தோன்றவில்லை, படம் வரைகிறவளுக்கும் தோன்றவில்லை. இருவரும் அந்த அட்டையைப் பார்த்து மயங்கிக் கிடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வியாழக்கிழமை குட்டியானை வண்டியில் படங்கள் வந்து இறங்கின. மேஸ்திரி லட்சுமணனும் இன்னொருவரும் ஆறடிப் படம் ஒன்றைத் தூக்கிச் சுவரில் வைத்தார்கள். நடுப்பகுதி மட்டும் சுவரைத் தொட்டது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. எதிர்ச் சுவரிலும் அதே கதை.

லட்சுமணன் ஒரு வழி சொன்னார். சுவருக்கு முன்னால் நேராகப் பிளைவுட் அடித்துவிட்டால் படத்தை மாட்டிவிடலாம், இரண்டு நாள் போதும் என்றார். அடிக்கலாம்தான். ஆனால் சுவர் மொத்தமும் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்திரிகையிலிருந்து அந்தச் சுவரைப் படம் பிடிக்கத்தான் வருகிறார்கள். தாட்சாயிணி யுவராணியின் முகத்தைப் பார்க்காமல், கண்காட்சியை மட்டும் ஒரு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கேட்ட வாயை அப்போதே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இருந்தும் கேட்டதை வாபஸ் வாங்கவில்லை.

யுவராணி சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"செவுரு சோக்கா கீது, தாட்சா. நான் வரைஞ்சத வுட சோக்கா கீது. அதான் உனக்கு மூட மனசு வர்ல."

அவள் சண்டை போட்டிருந்தால் தாட்சாயிணியும் பதிலுக்குக் கத்தி, அழுது, பிளைவுட்டுக்குச் சொல்லி அனுப்பியிருப்பாள். அவளோ படங்களைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னாள். கடைசிப் படத்துக்குத் தானே பழைய புடவையைச் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்தவர்கள் சுவரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர் பத்துக் கோணத்தில் எடுத்தார். பாராட்டு ஒவ்வொன்றும் தாட்சாயிணிக்கு முள்ளாகக் குத்தியது.

பதினொரு மணிக்கு வேம்புலியம்மாள் வந்தார். யுவராணியின் அம்மா. இதே ஊரின் பழைய தெருவில் இருப்பவர். கண்காட்சி நின்றுபோனதைச் சொல்ல மகளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. பட்டுப்புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டு சுவர்களையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம யுவராணி படம்லாம் எங்கமா கீது? என்னிய வச்சித்தான் வரைஞ்சேன்னு சொல்லிச்சே."

மற்றவர்கள் கேட்டால் சொல்வதற்கென்று தாட்சாயிணி ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். அடுத்த மாதம் வரும் என்று. இந்த அம்மாவிடம் அது வாயில் வரவில்லை.

"இங்க இல்லம்மா. நான் அதுக்கு இடம் வைக்கல."

வேம்புலியம்மாளுக்குப் புரியவில்லை. படமே இல்லாத அந்த வெள்ளைச் சுவரில் சாய்ந்துகொண்டு, மகள் எப்போது வருவாள் என்று கேட்டார். அந்தச் சுவரின் வளைவு தன் முதுகுதான் என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லையென்று தாட்சாயிணிக்குத் தெரிந்திருந்தது.