காணி தம்பிக்கு, வீடு அக்காவுக்கு

கப்பல்துறையில் கமலேஸ்வரியின் வீடு முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது ஓர் ஆவணி மாதத்தில், கலியாணங்கள் நெருக்கமாக வந்த கிழமையில். அதற்கு முந்தின வருசம் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் சனம் வரிசையில் நின்றபோது, ஹஸ்மி என்ற சாண எரிவாயுத் திட்ட உத்தியோகத்தர் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தாங்கியைப் புதைத்துக் கொடுத்திருந்தார். முதலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். பிறகு சீனக்குடாப் பக்கத்துக் கலியாண மண்டபமொன்றில் மிஞ்சிய சோறு, கறி, காஸ் போன சோடா எல்லாம் அதற்குள் போயின. அவை புளித்து வாயுவாகிக் குழாய் வழியே குசினிக்கு வந்தன. கமலேஸ்வரி புருசனை இழந்து தனியே இருந்தவள். ஒருத்தியின் சமையலுக்குப் போக மிஞ்சிய வாயு சீமெந்து நிலத்துக்குக் கீழே சேர்ந்து, வீட்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியது. அடுப்பை மூட்டினால் வீடு இறங்கும். ஹஸ்மி வந்து பார்த்து, திட்டம் எதிர்பார்த்ததை விட நன்றாக நடப்பதாக அறிக்கை எழுதினார்.

வீடு நின்ற காணிக்காக அவளோடு வருசக்கணக்காகப் பேசாமல் இருந்தவன் பக்கத்து வளவில் குடியிருந்த தம்பி இராசதுரை. தகப்பன் அதை மகளுக்குச் சீதனமாக வாய்ச்சொல்லில்தான் கொடுத்திருந்தார். காணி உறுதிப் பத்திரம் மகன் பெயரில் இருந்தது. வீடு காணியைத் தொடவே இல்லை, ஆகவே காணி தனக்கே என்று இராசதுரை, ஊர்ப் பிணக்குகளைத் தீர்க்கும் இணக்கசபையில் முறையிட்டான். சபையார் நேரில் வந்து குனிந்து, வீட்டுக்கு அடியால் மறுபக்க வேலியைப் பார்த்தார்கள். காணி தம்பிக்கு, வீடு அக்காவுக்கு என்று முடிவாயிற்று.

அடுத்த நாள் கமலேஸ்வரி அடுப்பை மூட்டவில்லை. பின்னேரம் வீடு தென்னைகளுக்கு மேலே போய், துறைமுகப் பக்கமாகத் திரும்பியது. குழாய் மட்டும் அதை இழுத்துப் பிடித்திருந்தது, அறுந்தால் கடல்தான். இராசதுரை தனக்குக் கிடைத்த காணியின் நடுவில் வந்து நின்றான். வீடு இருந்த இடத்தில் மண் வெளிறிப்போய்க் கிடந்தது. மேலே யன்னலோரம் அக்கா கதிரையில் இருப்பது தெரிந்தது. அவன் கைகளை வாயருகே குவித்துக் கத்தினான்.

"அக்கா, அடுப்பை மூட்டுங்கோ."

"ஆருக்குச் சமைக்க?"

"எனக்குத்தான்," என்றான். "மத்தியானமும் சாப்பிடேல்ல."

அவள் சோறு வைத்தாள், பருப்பும் வைத்தாள், மீன் பொரித்தாள். வீடு மெல்ல இறங்கிப் படி தரையில் பட்டதும், இராசதுரை கைகழுவிக்கொண்டு ஏறினான். காணியைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

இப்போது அவன் குடும்பம் முழுக்க அங்கேதான் சாப்பிடுகிறது. கலியாண மாதங்களில் அயலவர்களையும் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆட்கள் குறைந்த நாட்களில் வீடு இடுப்பளவுக்கு எழும்பும். ஆடுகள் அதற்கடியில் போய் நிழலில் படுத்துக்கொள்ளும்.