ஆலங்கட்டி விழுந்த வயல்

அந்த வருஷம் ஊர் உருளைக்கிழங்கு வயல்களுக்குக் காவல் முறை நிகானோருக்கு வந்தது. விதைப்பு முடிந்ததும் அவனும் மனைவி பல்பினாவும் மலைச்சரிவில் புல்குடிசை போட்டுக் குடியேறினார்கள். கருமேகம் ஏறினால் ஈரப்புல்லைக் கொளுத்திப் புகை எழுப்ப வேண்டும். சங்கு ஊதி ஆலங்கட்டியை விரட்ட வேண்டும். தப்பினால் காவல்காரன்தான் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் பல்பினாவுக்கு மூன்று மாதக் கரு கலைந்தது. நிகானோர் உப்பு வாங்கக் கீழே போயிருந்தான். தனியாகவே துணியில் சுற்றிக் குடிசைக்குப் பின்னால் புதைத்தாள். பெயரிடாமல் புதைத்த பிள்ளை ஆலங்கட்டியை அழைத்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்திலேயே அவள் வாய் திறக்கவில்லை.

பத்தாம் நாள் பிற்பகல் ஆலங்கட்டி வந்தேவிட்டது. அவள் புகை போட்டாள். சங்கு ஊதி ஊதி நிகானோரின் உதடு வெடித்தது. கால் மணி நேரத்தில், பூத்திருந்த செடிகளில் பாதி சேற்றோடு சேறாகிப் போனது.

மறுநாள் ஊர் வரப்பில் கூடியது.

"என்ன நிகானோர், தூக்கம் வராம இருக்கக் கோகா இலையை மென்னும் சொக்கிட்டியா?" என்றாள் எர்மெலிந்தா. அதிகம் இழந்தவள் அவள்தான்.

"யாராச்சும் எதையாச்சும் மறைச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்றார் ஊர்த்தலைவர் தொரிபியோ.

பல்பினா எழுந்தாள். அதற்குள் நிகானோர் தொப்பியைக் கழற்றினான்.

"தூங்கிட்டேன் ஐயா. தப்பு என்னோடதுதான்."

திட்டித் தீர்த்தார்கள். தண்டனையாக அடுத்த வருஷமும் அவனே காவல் என்று தீர்ப்பானது.

"ஏன் பொய் சொன்ன?" என்றாள் பல்பினா, குடிசைக்குத் திரும்பியதும்.

"பின்னால புது மண்ணைப் பாத்தேன். நாய் தோண்டிடக் கூடாதேன்னு நான்தான் கல்லு அடுக்கினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

வெகு நேரம் அழுதாள். ஆனால் அவன் ஏச்சு வாங்குவது அவளுக்குத் தாங்கவில்லை. விடிந்ததும் தொரிபியோவின் வீட்டுக்குப் போய், எர்மெலிந்தாவும் அங்கே உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தொரிபியோ கோபப்படவில்லை. தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போகலாம் என்றார். தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வந்தது எர்மெலிந்தா. ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றபோது, பல்பினாவின் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு ரெண்டு அப்படிப் போச்சுடி. நான் இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. உன்னோடதுக்குப் பேரு வைக்கறப்போ, அதுங்களுக்கும் சேத்து வைக்கச் சொல்லு."