பட்டன் இடது பக்கம் போன பிறகு

நான் சுண்டு. வயது இருபத்து நான்கு. இருப்பது நானும் மாமாவும் வேலைக்கு வந்த வெளிநாட்டில், ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே போட்டிருக்கிற இரும்பு நாற்காலியில். எனக்கு ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே படுத்திருப்பது அந்த மாமா, என் அக்காவின் வீட்டுக்காரர். நாளைக் காலையில் அவருக்குத் தலையில் ஆபரேஷன்.

அக்கா கோபத்தில் மாமா போனையும் எடுப்பதில்லை, என் போனையும் எடுப்பதில்லை. அதனால் இதை அம்மாவின் போனுக்கு அனுப்புகிறேன். அந்தப் போன் எந்த நேரத்தில் யார் கையில் இருக்கும் என்று வீட்டில் யாருக்குமே தெரியாது. யார் திறந்தாலும் ஓடிப்போய் அக்காவிடம் கொடுங்கள். இனிமேல் சொல்வதெல்லாம் அவளுக்குத்தான்.

அக்கா, டைப் அடிக்கக் கை ஓடவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நாம் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் கண்டபடி எழுதுகிறது. அதனால் செய்தி வாசிக்கிறவன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். எதிர் நாற்காலிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பார்க்கட்டும். மற்றவர்கள் சொன்னதை மட்டும் அவர்கள் சொன்னபடியே சொல்லிப் பார்க்கிறேன்.

கடைசியாகப் பேசியபோது நீ அழுதாய். "ஊருக்கு வர்ற லீவைத் தள்ளிப் போட்டாரு, சரி, பொறுத்துக்கிட்டேன். வீடியோ கால்ல எம்மூஞ்சியப் பாத்து அரை மணி நேரம் பேசுறாரு. இடுப்புல பாப்பா உக்காந்திருக்கா. அப்பா அப்பான்னு கையை நீட்டுறா. பாப்பா எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டாராடா? பெத்த பிள்ளைய ஏறெடுத்தும் பாக்காத மனுசன்கிட்ட எனக்கு என்ன பேச்சு?" என்றாய். எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். ஆனால் அது எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

எங்கள் கடையில் லேபிள் அச்சடிக்கிறோம். ஷாம்பு பாட்டில், மருந்து டப்பா, பெயிண்ட் டின், எதில் ஒட்டுவதாக இருந்தாலும் மாமாதான் கம்ப்யூட்டரில் வரைந்து தருவார். அச்சாகி வருவதை நான் வெட்டிச் சுற்றிப் பெட்டியில் போடுவேன். பில் போடுகிறவரை எல்லோரும் பில்லம்மா என்போம். அப்புறம் முதலாளி. அவ்வளவுதான் கடை.

கொஞ்ச நாள் முன்னால் முதலாளி எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது சிஸ்டம் போட வைத்தார். திரையில் ஒரு விண்டோவைத் திறந்தால் அதை மூட, சுருக்க, பெரிதாக்க மேலே மூன்று பட்டன் இருக்குமே, அது இத்தனை வருஷமாக வலது மூலையில் இருந்தது. புது சிஸ்டத்தில் இடது மூலைக்குப் போய்விட்டது. கீபோர்டில் மூடுகிற சாவிகளையும் மாற்றிவிட்டார்கள். எதற்கு மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. திருப்பி வைக்க வழி இருக்கிறதா என்று நான் தேடாத இடமில்லை.

சின்ன விஷயம்தான். ஆனால் கடையே நாறிப்போனது. கை பழக்க தோஷத்தில் வலது மூலைக்கே ஓடும், அங்கே வெறும் இடம் இருக்கும். பிறகு இடது பக்கம் வந்து, சுருக்கப் போய் மூடித் தொலைப்போம். பில்லம்மா ஒரு நாள் பாதி பில்லை அப்படி மூடிவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"தூங்கி எந்திரிச்சுப் பாத்தா, வாசக்கதவைப் பேத்து எடுத்துப் பின்பக்கம் வச்சிட்டுப் போன மாதிரி இருக்கு. எவன்டா கேட்டான் உங்கள?"

"நாலு நாள்ல பழகிடும்மா," என்றார் முதலாளி.

"உங்களுக்கென்ன சார், நீங்க திறக்குறதே ஒரு விண்டோ. அதுலயும் சீட்டுதான் ஆடுறீங்க."

மாமா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்களுக்காவது பின்பக்கம் கதவு இருக்கு. எனக்குக் கதவே இல்ல. மூணு பட்டனையும் காணோம்."

சிரித்தோம். எல்லோரும் நாள் முழுக்கப் பட்டனைக் காணோம், பட்டனைக் காணோம் என்றுதானே புலம்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கூச்சலில் மாமா சொன்னது யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை.

பிறகு எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது, அவருக்குப் பழகவில்லை. திறந்த எதையும் மூட மாட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார். சாயங்காலம் சுவிட்சையே அணைத்துவிட்டு எழுந்துவிடுவார். "மாமா, இடது பக்கம் மேல இருக்கு பாருங்க" என்று போகிற வருகிற போதெல்லாம் சொல்வேன். "இல்லடா மாப்ள, என் மிஷின்ல அத வைக்காமப் போயிட்டான்" என்பார். வீம்பு என்று நினைத்தேன். உனக்குத் தெரியாததா, அவருடைய வீம்பு?

ஒரு லேபிளில் இடது ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டு வந்தன. புது சிஸ்டத்தைத் திட்டினோம். காலையில் மாமா இடது கன்னத்தில் பாதி தாடியோடு வருவார். பில்லம்மா, "என்ன சார், பிளேடு பாதியில தீந்து போச்சா?" என்று கிண்டல் செய்வார், அவரும் சேர்ந்து சிரிப்பார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டால் கோபத்தில் நடக்கிறார் என்று விட்டுவிட்டோம். எல்லாவற்றுக்கும் அந்தச் சிஸ்டம் ஒரு சாக்காக இருந்தது, அக்கா.

திங்கட்கிழமை ஒரு மருந்து கம்பெனி லேபிள் மத்தியானத்துக்குள் போக வேண்டும். மாமாவின் கம்ப்யூட்டர் சிக்கி நின்றுவிட்டது. உள்ளே அத்தனை விண்டோ திறந்து கிடந்தது. முதலாளி எழுந்து வந்தார்.

"உங்களுக்கு என்னதான் பிரச்சினை? ஒரு பட்டன். அத அமுக்கணும். சின்னப் பிள்ளகூட கத்துக்குது. வேணும்னே பண்றீங்களா? இல்ல இனிமே முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாக்குறேன்."

மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. வெட்டுகிற மிஷினை நிறுத்திவிட்டு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"மாமா, மவுஸ் அம்பை அப்படியே இடது பக்கமா கொண்டு போங்க. கடைசி வரைக்கும்."

கொண்டுபோனார். திரையின் நடுவில் வந்து நின்றது.

"இன்னும் போங்க."

"இதான்டா கடைசி."

விளையாடுகிறார் என்று நினைத்து அவர் கைமேல் என் கையை வைத்து மவுஸை நானே இடது பக்கம் இழுத்தேன். அம்பு நடுவைத் தாண்டி ஓரத்துக்குப் போனது. சரியாக அந்த மூன்று பட்டன்மேல் நின்றது.

மாமா திரையையே பார்த்தார். "டேய், அம்பு எங்கடா போச்சு?"

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பில்லம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பில்லம்மா முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்தில் வந்து, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார்: "சார், உங்க மேசைமேல என்னென்ன இருக்கு? சும்மா சொல்லுங்க பாப்போம்."

"என்னம்மா இது, பரீட்சையா? கத்திரிக்கோல் இருக்கு. அளவு டேப் இருக்கு. என் கண்ணாடிக் கூடு."

"டீ?"

"டீ எங்க இன்னைக்குக் குடுத்தீங்க? நானும் எப்ப வரும்னுதான் பாத்துட்டிருக்கேன்."

டீ அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஆடை கட்டிப்போய் இருந்தது. நான்தான் காலையில் கொண்டுவந்து வைத்தேன்.

முதலாளியே காரை எடுத்தார். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மூளையோட வலது பக்கத்துல ஒரு கட்டி. அது அழுத்துறதால இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கறதே அவருக்குத் தோணல. இருட்டாத் தெரியும்னு நெனைக்காதீங்க. ஏதோ குறையுதுன்னே அவருக்குத் தெரியாது."

எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "சரியாகலாம். பேச்சும் நெனவும் எப்படி இருக்கும்னு முழிச்சதுக்கு அப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

மாமா கட்டிலில் சாய்ந்துகொண்டு கிண்டல் பண்ணினார்: "என் தலைக்குள்ளயும் புது சிஸ்டம் போட்டுட்டானுங்க போல, மாப்ள. சொல்லாமக் கொள்ளாம." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் உன் பேச்சு வந்தது. "அக்காவக் கூப்பிட்டுச் சொல்லவா மாமா?" என்றேன்.

"சொன்னே, அதோட நீ யாரோ நான் யாரோ. அவ ஏற்கெனவே எம்மேல கோவத்துல இருக்கா."

"லீவு விஷயம்தானே?"

"அதுக்காக இப்படியாடா பண்ணுவா? பிள்ளைய கண்ணுலயே காட்ட மாட்டேங்குறா. பாப்பாவ வேற ரூம்ல விட்டுட்டு வந்து பேசுறா. அப்பா அப்பான்னு சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு வயிறு எரியுது. ஆனா அவளாக் காட்டட்டும்னு நானும் கேக்கல. கேட்டா அழுதுடுவேன்னு பயம் வேற."

அக்கா, எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நீ எப்போதும் போனை இடது கையில் பிடிப்பாய், பாப்பாவை வலது இடுப்பில் வைப்பாய். இங்கே மாமாவின் போனில் அவள் இடது பக்கம் வருவாள். அவர் கண்ணுக்கு முன்னால்தான் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறாள். அவருக்கு நீ மட்டும்தான் தெரிந்திருக்கிறாய்.

நான் அவருக்கு விளக்கினேன். "பாப்பா அக்கா இடுப்புலதான் இருந்தா மாமா. உங்களுக்குத்தான் தெரியல." அவர் நம்பவில்லை. தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். "நீ உங்க அக்காவுக்குப் பரிஞ்சு பேசாம இருந்தாத்தான் அதிசயம்" என்றார். என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் வலது பக்கமாகத்தான்.

அவர் நம்பாமலே நாளைக்கு உள்ளே போய்விடக் கூடாது. எனக்கு வேறு எதுவும் இப்போது பெரிதில்லை. முழித்த பிறகு எப்படி இருப்பார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நீ பிள்ளையை ஒளித்து வைத்தாய் என்ற நினைப்போடு அவரைப் படுக்க வைக்க எனக்கு மனசில்லை. அவர் சொன்ன பேச்சை மீறிவிட்டேன். அடித்தாலும் பரவாயில்லை, எழுந்து வந்து அடிக்கட்டும்.

நானும் மாமாவைப் பார்க்க வந்த பில்லம்மாவும் கீழே கேன்டீனில் இரண்டு போனை வைத்துக்கொண்டு, எந்த இடுப்பில் வைத்தால் எந்தப் பக்கம் தெரியும் என்று சரிபார்த்துவிட்டோம். பாப்பாவுக்குப் பதில் பில்லம்மா தன் கைப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். மூன்று தடவை பார்த்தோம், தப்பில்லை.

இங்கே காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் மாமாவின் போனிலிருந்து கூப்பிடுவேன். அங்கே மத்தியானம் ஆகியிருக்கும். ஆபரேஷன் பற்றி நீயாக ஆரம்பிக்காதே. லீவு பற்றியும் வேண்டாம். அழுகை வந்தால் போனைக் கீழே வைக்காமல் அழு.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். அக்காவிடம் இப்போதே கொடுங்கள். நாளைக்கு மாமா பெயர் வந்தால் போனை எடுக்கச் சொல்லுங்கள். வலது கையில் போன், இடது இடுப்பில் பாப்பா. அக்காவின் போனில் பாப்பா இடது பக்கம்தான் தெரிவாள், அதைப் பார்த்து இடம் மாற்றிவிட வேண்டாம். இங்கே மாமாவுக்கு வலது பக்கம் வருவாள். அப்படியே அசையாமல் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள்.