ஆணி வைத்த சக்கரம்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், சேலையைக்கூட மாற்றாமல், ஜெயலீலா ஹாலில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். வானொலியில் திங்கள் காலை பனி விழும் என்று சொல்லியிருந்தார்கள். மன்ஹாட்டனுக்கு ரயில் போகும் எடிசன் என்ற ஊரில் அவளும் கணவனும் குடியிருந்த இரண்டாவது மாடிக்கு அந்தப் பச்சை நிற லேடீஸ் சைக்கிளைத் தினமும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவாள். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான்களோடு விற்பனைக்கு நின்ற சைக்கிள். வாங்கியபோது மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, விளக்கு இல்லை. செப்டம்பரிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். கேலன் பால் கேனை வெட்டி மட்கார்டு செய்தாள். பின்னால் பால் கிரேட்டைக் கம்பியால் கட்டினாள். டைனமோ விளக்குப் பொருத்தினாள். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் அடுப்பங்கரைக் கையுறைகளைக் கவிழ்த்துத் தைத்தாள். கடைசியாக, முன்டயருக்கு உள்ளிருந்து வெளியே முனை நீட்டும்படி எண்பது சின்ன ஸ்குருக்களை முடுக்கி, டியூபைக் குத்தாமலிருக்க இன்னொரு பழைய டியூபை நடுவில் விரித்தாள். அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது.

அவள் கணவன் கிருபைராஜ் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான். "அடுத்து என்ன, ஹீட்டர் வைக்கப் போறியா?" என்பான். கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் கோபப்பட்டுத் தீர்த்துவிடலாம்.

மூன்று மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு ஏழு மணிக்கு வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். முதல் இரண்டு வாரம் அவன்தான் காரில் கொண்டுவிட்டான். ஷேவ் செய்து, ஷூவுக்கு பாலிஷ் போட்டு, சாவியைத் தேடி, கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்து அவன் கிளம்புவதற்குள் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. மேற்பார்வை செய்யும் அம்மாள் இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டு, மூன்றாவது ஒன்று வேண்டாம் என்று மிக மென்மையாகச் சொன்னாள். அந்த இரண்டு நாளும் ஜெயலீலா அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கே இல்லாத ஆக்சிலரேட்டரை வலது காலால் அழுத்திக்கொண்டே போனாள். டிரைவிங் டெஸ்டில் அவள் இரண்டு முறை தோற்றவள். சொல்லிக்கொடுக்கிறேன் என்று கூட்டிப்போனவன் கத்திய கத்தலில், இன்றைக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

சைக்கிளை அவன் தடுக்கவில்லை. சர்ச்சில் தாமஸ் அங்கிள்தான், பத்துப் பேர் காபி குடித்துக்கொண்டு நிற்கையில், "என்ன கிருபை, நீ கார்ல, பொண்டாட்டி சைக்கிள்லயா? நல்லா இருக்கேப்பா" என்று அவன் முதுகில் தட்டினார். அன்று வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கும்போது சொன்னான்.

"ஒரு நாள் நான் வந்து உன்ன பிக்கப் பண்ற மாதிரி ஆச்சுன்னு வை, அதோட சைக்கிளை யாருக்காவது கொடுத்துடணும். சரியா?"

சரி என்றாள். நவம்பர் முழுக்க அவனைக் கூப்பிடவில்லை. மழையில் போனாள், காற்றில் போனாள், சாக்ஸுக்கு மேல் ரொட்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு நாளும் தாமதமில்லை. இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக இருந்தது, பின்சக்கரத்தின் நடுவில் கேட்ட கரகரப்பைத் தவிர. மூன்று கியரும் அந்தத் தடித்த உருளைக்குள்தான் இருந்தன. எண்ணெய் விட அதில் ஒரு சின்ன மூடி. மெஷின் ஆயில் கார் டிக்கியில் கிடந்தது. காரை எடுத்துக்கொண்டு கிருபைராஜ் தாமஸ் அங்கிளுக்கு கட்டில் தூக்கப் போயிருந்தான். அவன் திரும்பி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. ஹீட்டர் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இளகி, தெளிந்து நின்றது. ஊரில் தையல் மெஷினுக்கு அதைத்தானே விடுவோம் என்று மூடியைத் திறந்து நாலு ஸ்பூன் விட்டாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். சத்தமே இல்லை. திருப்தியாக இருந்தது.

திங்கள் காலை ஆறு இருபதுக்குத் தெருவில் இரண்டு அங்குலம் பனி. எண்பது ஸ்குருக்களும் அதில் பல் பதித்துக் கடித்தன. பயந்தபடி ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பத்து நிமிடம் அப்படிப் போயிருப்பாள். பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது பெடல் திடீரென்று கனமில்லாமல் சுழன்றது. இன்னொரு முறை மிதித்தாள். கால் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. இறங்கிப் பார்த்தாள். செயின் அறுபடவில்லை, கழலவும் இல்லை.

கையுறையைக் கழற்றி உருளையைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தபோது வாயில் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். தேங்காய் எண்ணெய்; அது உறைந்து, உள்ளேயிருந்த பற்களைப் பிடிக்கவிடாமல் ஒட்டவைத்திருந்தது.

மூன்று குளிர்காலமாக, தலைக்கு வைக்கும் எண்ணெய் உறைந்துவிடுகிறது என்று அந்த பாட்டிலை வெந்நீரிலும் ஹீட்டர் ஓரத்திலும் மாற்றி மாற்றி வைப்பவள் அவள்தான். தன்னையே அறையலாம் போல இருந்தது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் டெலிபோன் பூத் இருந்தது. கிருபைராஜ் வீட்டில்தான் இருப்பான், ஷேவ் செய்துகொண்டு. அவள் பூத்தைப் பார்த்தாள். பிறகு கிரேட்டிலிருந்து தன் ஃபிளாஸ்கை எடுத்து, ஆவி பறக்கும் காபியை அந்த உருளைமேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஊற்றினாள். பனியில் பழுப்பாகக் குழி விழுந்தது. பெடலை மிதித்தாள். உள்ளே ஏதோ 'டிக்' என்று பிடித்தது.

ரயில் பாலத்தின் அடிவரை அது தாங்கியது. மேலே மன்ஹாட்டன் போகும் ரயில் கடந்துகொண்டிருக்கும்போது பெடல் மறுபடியும் வெறுமனே சுழன்றது. ஆறு நாற்பத்தெட்டு. தள்ளிக்கொண்டு ஓடினால் இருபது நிமிடமாவது ஆகும்.

பின்னாலிருந்து வந்த கார் மெல்ல நின்றது. அதன் ஹார்னை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்திருக்க, பைஜாமாவுக்கு மேல் கோட்டோடு கிருபைராஜ் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தான். உள்ளிருந்து சூடான காற்று வந்து அவள் முகத்தில் பட்டது.

"நான் கூப்பிடலையே" என்றாள்.

"கூப்பிடல. பனி விழுதுன்னு மனசு கேக்கல. ஏறு லீலா, அஞ்சு நிமிஷத்துல விட்டுடுறேன். இன்னைக்கு நடந்தத கணக்குல வெச்சுக்க மாட்டேன்."

வைத்துக்கொள்ளத்தான் மாட்டான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் நாளைக்கும் பனி விழும், நாளைக்கும் அவன் மனசு கேட்காது. அவன் ஷேவ் முடியும்வரை கதவருகில் பையோடு நிற்கிற அந்தக் காலைகள் ஒவ்வொன்றாக வரிசை கட்டி நின்றன. ஏறினால் இன்று ஏழுக்குள் போய்விடலாம். ஏறாவிட்டால் மூன்றாவது தாமதம் இன்றே ஆகலாம். அவள் வலது கால் தானாகவே பனியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"உங்க ஃபிளாஸ்க் எங்க?"

"என்னது?"

"உங்களுக்குப் போட்டு வெச்ச காபி. எடுத்துட்டு வந்தீங்களா?"

"உனக்கு ஆறிப் போயிருக்கும்னு இதையும் கொண்டாந்தேன். உள்ள வந்து உட்கார்ந்து குடி."

"கொடுங்க."

கொடுத்தான். அவள் குனிந்து உட்கார்ந்து அதைச் சக்கரத்தில் ஊற்றத் தொடங்கியபோது, "ஏய், என்ன பண்ற, காபிய போய்..." என்றவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். தேங்காய் எண்ணெய் வாசம் மேலே வந்தது. அவனுக்கும் அது எட்டியிருக்க வேண்டும். "தேங்காண்ணெயா விட்ட?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். சிரித்திருந்தால் ஒருவேளை காரில் ஏறியிருப்பாள், அழுதுகொண்டே. அவன் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியல."

காலி ஃபிளாஸ்கை அவன் மடியில் வைத்துவிட்டு, கதவை வெளியிலிருந்து சாத்தினாள். பெடல் பிடித்தது. பாலத்தைத் தாண்டியதும் ஆஸ்பத்திரி மேடு ஆரம்பித்தது. விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம். கார் அவளை முந்திக்கொண்டு போகும் என்று காத்திருந்தாள். முந்தவில்லை. பத்தடி பின்னாலேயே, அவள் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு, உறுமியபடி வந்தது. காவலுக்கு வருகிறானா, அவள் நிற்பதற்காக வருகிறானா என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் அவள் நிழல் முன்னால் மேட்டின்மேல் நீளமாக விழுந்து கிடந்தது. அதன் இரண்டு பெரிய கால்கள் பனியில் சுற்றிச் சுற்றி வந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் 'டிக்' சத்தம் கேட்கிறதா என்று அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு மிதித்தாள்.